கண்ணாடி அணிபவருக்கு டிராக் டே ஹெல்மெட்: பெரிய சைஸ் தீர்வல்ல

வந்த கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 43. இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை: வலது மைனஸ் 4.50, இடது மைனஸ் 3.00. அன்றாடம் அணிவது, தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரசிவ் லென்ஸ். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் முதல் டிராக் டேக்கு, அதாவது சொந்த மோட்டார் சைக்கிளைத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பணம் கட்டிவிட்டார். தலை அளவுக்குச் சரியான ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டைக் கண்ணாடியோடு போட்டால் கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா, அல்லது கண்ணாடிக்கென்றே வேறு ஹெல்மெட் இருக்கிறதா?

எடுக்க வேண்டாம். உங்களுக்கு உறுத்துவது காதுக்கு மேலே விரற்கடை அளவு இடம். அதற்காக ஹெல்மெட் முழுவதையும் பெரிதாக்கினால் நெற்றி, பிடரி, உச்சி எல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும். புதிய ஹெல்மெட்டின் உள்பஞ்சு சில வாரங்களில் எப்படியும் அமுங்கி இளகும். வாங்கும்போதே இளகலாக இருந்தால் அதற்குப் பிறகு தலை அதற்குள் தனியாகத் திரும்பும். நீண்ட நேர்ப்பாதையில் காற்று அதைத் தூக்கும்போது கண்ணாடியும் சேர்ந்து ஆடும். விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; கழன்று உருண்ட ஹெல்மெட் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியது கண்ணாடியின் பிரேம். முப்பதாயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்குள், அலுவலகத்துக்கு வாங்கிய தடித்த பிரேமைச் செருகிவிட்டு ஹெல்மெட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பந்தயத் தளத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் அதன் செலவு சிறியது.

முதலில் வலி எதனால் என்று பிரித்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் அதே ஹெல்மெட்டை வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அப்போதும் நெற்றியிலோ நெற்றிப்பொட்டிலோ வலித்தால் ஹெல்மெட்டின் உள்வடிவமே உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். தலைச் சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் சிலருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருக்கு வட்டமாக இருக்கும். ஹெல்மெட்டுகளும் அப்படித்தான். நீண்ட தலையில் வட்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் அழுத்தி இரு பக்கமும் இடைவெளி விடும். வட்டத் தலையில் நீண்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றிப்பொட்டுகளைக் கவ்வும். இதற்கு சைஸை மாற்றக் கூடாது, நிறுவனத்தையோ மாடலையோ மாற்ற வேண்டும். கண்ணாடி இல்லாதபோது சுகமாக இருந்து, போட்டதும் வலித்தால் குற்றவாளி பிரேம். கழற்றியதும் நிலைக்கண்ணாடி முன் நின்று தோல் சிவந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் சிவப்பு என்றால் பிரேமின் கம்பி தடிமன் அதிகம். காதுக்கு நேர் மேலே என்றால் கம்பி வளையும் இடம் அழுத்துகிறது. மூக்கின் மேல் என்றால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கன்னத் திண்டு கன்னத்தை மேலே தள்ளி, கன்னம் லென்ஸைத் தூக்குகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கம்பியிலிருந்து தொடங்குவோம். உங்கள் பிரேமின் உள்பக்கத்தில் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், காதுக் கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஹெல்மெட்டுக்குள் போகும் கண்ணாடிக்கு மூன்றாவது எண் முக்கியம். வழக்கமான கம்பி காதுக்குப் பின்னால் கொக்கி போல் வளைந்து இறங்கும். ஹெல்மெட் போட்ட பிறகு முகத்திறப்பு வழியாகக் கண்ணாடியைச் செருகும்போது அந்தக் கொக்கிதான் பஞ்சில் மாட்டிக்கொள்கிறது, காது மடலைக் குத்துகிறது. எனவே நேராகப் போகும் கம்பி வேண்டும். கண்ணாடிக் கடையில் சூடு காட்டி அந்த வளைவை நிமிர்த்தித் தருவார்கள். ஆனால் நிமிர்த்தியதும் கம்பி பின்னோக்கி நீளும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 145 நீளக் கம்பியை நிமிர்த்தினால் அதன் நுனி ஹெல்மெட்டின் பின்பஞ்சில் இடித்து, கண்ணாடியை மூக்கிலிருந்து முன்னே தள்ளும். 135 அல்லது அதற்கும் குறைவாக எடுத்து நிமிர்த்துவது உத்தமம்.

கம்பி எந்தப் பொருளால் ஆனது என்பதையும் கேளுங்கள். டி.ஆர்.90 எனும் வளையும் பிளாஸ்டிக் பிரேம்கள் மெலிதானவை, எளிதில் உடையாதவை, விலையும் குறைவு. விளையாட்டுக்கு ஏற்றவை என்று கடையில் அவற்றைத்தான் நீட்டுவார்கள். அவற்றின் குறை, சூடு காட்டி வளைத்தாலும் மெல்லப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பிறவியிலேயே நேர்க் கம்பியோடு வரும் டி.ஆர்.90 கிடைத்தால் வாங்கலாம். வளைந்ததை வாங்கி நிமிர்த்த நினைக்காதீர்கள். மெல்லிய டைட்டானியம் அல்லது எஃகுக் கம்பி சொன்னபடி கேட்கும், தட்டையாகத் தோலோடு ஒட்டிக் கிடக்கும். என் ஓட்டு அதற்குத்தான். அசிடேட் எனும் தடித்த பிளாஸ்டிக் பிரேம் பார்க்க அழகு. ஹெல்மெட்டுக்குள் அதற்கு இடமில்லை. பிரேம் இல்லாமல் திருகாணியில் லென்ஸ் தொங்கும் வகையும் வேண்டாம். செருகும்போதும் உருவும்போதும் எல்லாப் பாரமும் அந்தத் துளைகளில்தான் விழும்.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பி சரியில்லாவிட்டால் பார்வையும் கெடும். ஹெல்மெட் ஒரு பக்கக் கம்பியை மட்டும் தூக்கி, வலது லென்ஸ் இடதைவிட 2 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 4.50 அளவிலான பவரில் அந்த 2 மில்லிமீட்டர் ஏறக்குறைய 0.9 பிரிசம் மேல்கீழ்ப் பிசகை உண்டாக்கும்; பிரிசம் என்பது லென்ஸ் காட்சியை எவ்வளவு இடம் தள்ளுகிறது என்பதன் அளவு. பக்கவாட்டுப் பிசகைக் கண் ஓரளவு சமாளித்துவிடும். மேல்கீழ்ப் பிசகில் அதற்குப் பொறுமை மிகக் குறைவு. இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் காரணம் தெரியாத தலைவலி வரும். வெயில் என்பார்கள், தண்ணீர் குடிக்கவில்லை என்பார்கள். எனவே ஹெல்மெட் போட்ட பிறகு கண்ணாடி மட்டமாக இருக்கிறதா என்று எதிரே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தயத் தளத்துக்கு வருபவர்கள் அதிகம் யோசிக்காத இடம் அடுத்தது. சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது லென்ஸின் நடுவழியாகப் பார்க்கிறீர்கள். இருங்காட்டுக்கோட்டைத் தளம் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கே நேர்ப்பாதையில் பெட்ரோல் டாங்கின் மேல் நெஞ்சைக் கிடத்தி, மோவாயைத் தாழ்த்திக் குனிந்திருக்கும்போது தலையை ஓரளவுக்கு மேல் நிமிர்த்த முடியாது. மீதியைக் கண்விழிதான் மேலே உருண்டு ஈடுகட்ட வேண்டும். விழி 30 பாகை மேலே உருண்டால், பார்வை லென்ஸின் மையத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் மேலே போய்க் கடக்கிறது. இப்போது உங்கள் கண்ணாடியை எடுத்து அளந்து பாருங்கள். இன்றைக்கு விற்கும் குட்டையான செவ்வகப் பிரேம்களில் கருவிழிக்கு மேலே 12 அல்லது 13 மில்லிமீட்டர்தான் லென்ஸ் இருக்கும். அதற்கு மேலே பிரேமின் விளிம்பு. அதற்கும் மேலே வெறும் காற்று. முதல் வளைவான சி1 நெருங்கி வரும்போது, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகையை விளிம்பின் மேலாக வெறுங்கண்ணால் தேடிக்கொண்டிருப்பீர்கள். மைனஸ் 4.50 கண்ணுக்கு அந்த நேரத்தில் பலகை தெரியாது, ஏதோ வெள்ளையாகத் தெரியும்.

ஆகவே உயரமான லென்ஸ் வேண்டும். கருவிழிக்கு மேலே 17, 18 மில்லிமீட்டராவது லென்ஸ் இருக்கும்படி பிரேமைத் தேர்ந்தெடுங்கள். மேல்விளிம்பு இல்லாமல் கீழ்விளிம்பு மட்டும் உள்ள பிரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, அரிதாகத்தான் கிடைக்கும். மூக்கில் தனித்தனித் திண்டு உள்ள உலோகப் பிரேமாக இருந்தால், அந்தத் திண்டுகளைச் சற்று நெருக்கி வளைத்துக் கண்ணாடியையே 2 மில்லிமீட்டர் மேலே தூக்கிவிடலாம். கடையில் இரண்டு நிமிட வேலை. அன்றாடக் கண்ணாடிக்கு இதைச் செய்தால் முகத்தில் அசட்டுத்தனமாக நிற்கும். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சிறிய தளத்தில் இந்தத் தொல்லை குறைவு. அது 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருப்பதால் நெஞ்சைக் கிடத்திப் பறக்கும் நேரம் கொஞ்சம். அங்கே பக்கவாட்டுப் பார்வைதான் உயிர். புரோகிரசிவ் லென்ஸ் உங்களைக் கைவிடுவதும் அதில்தான்.

புரோகிரசிவ் லென்ஸில் மேலே தூரத்தைப் பார்க்கும் பவர், கீழே அருகில் படிக்கும் பவர், இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதை. அந்தப் பாதையின் இரு பக்கமும் கலங்கல். நாள்தோறும் அணிபவருக்கு அது தெரியாது; தலையையே திருப்பிப் பார்க்கப் பழகியிருப்பார். வளைவுக்குள் வண்டியைச் சாய்த்துக்கொண்டு உள்விளிம்பையும், அதைத் தாண்டி வெளியேறும் இடத்தையும் பார்க்கும்போது தலை ஏற்கெனவே திரும்பியிருக்கும். அதற்கும் மேலே கண் ஓரத்துக்கு ஓடும். ஓரத்தில் இருப்பது கலங்கல். சாலை லேசாக நெளிவதுபோல் தோன்றும். சாய்ந்த வண்டியின் மேல் இருப்பவருக்கு அந்த நெளிவு நல்லதல்ல. பந்தயத் தளக் கண்ணாடிக்குத் தூரத்தைப் பார்க்கும் பவர் மட்டும் உள்ள ஒரே பவர் லென்ஸ் போடுங்கள். மீட்டர் தெரியுமா என்று கேட்பீர்கள். அது கண்ணிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உங்கள் வயதில் அந்தத் தூரத்தில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. தவிர, முதல் டிராக் டேயில் மீட்டரைப் பார்ப்பவர் பாதையைப் பார்க்கவில்லை என்றுதான் பயிற்சியாளர் சொல்வார்.

உங்கள் பவரில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வலதுக்கும் இடதுக்கும் 1.50 வித்தியாசம். லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால், விலகிய தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் வருவது பிரிசம்; பிரென்டிஸ் விதி என்பார்கள். குனிந்த நிலையில் 1.5 சென்டிமீட்டர் மேலே பார்க்கும்போது வலது கண்ணுக்கு 6.75, இடது கண்ணுக்கு 4.50. வித்தியாசம் 2.25, அதுவும் மேல்கீழாக. பலருக்கு இது தாங்கும் எல்லையின் ஓரம். சிலருக்கு அந்த நொடியில் பலகை இரண்டாகத் தெரியும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கண்ணாடியின் மேல்பகுதி வழியாக எதிர்ச்சுவரில் உள்ள நாட்காட்டியைப் பாருங்கள். எண்கள் இரட்டையாகின்றன என்றால் லென்ஸின் ஒளிமையத்தை வழக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் மேலே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் புத்தகம் படிக்கப் போவதில்லை, எனவே பாதகமில்லை.

லென்ஸ் பொருளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ். இரண்டும் அடியைத் தாங்கும், சில்லாகச் சிதறாது. நிஜக் கண்ணாடி லென்ஸை ஹெல்மெட்டுக்குள் கொண்டு போகவே கூடாது. மெலிதாக இருக்கும் என்று 1.67, 1.74 என ஒளிவிலகல் எண் கூடிய லென்ஸ்களைப் பரிந்துரைப்பார்கள், மைனஸ் 4.50 பவருக்கு அவ்வளவு தேவையில்லை. லென்ஸின் ஓரத்தில் பார்க்கும்போது நிறங்கள் பிரிந்து தெரியும் நிறப்பிரிகையில் டிரைவெக்ஸ் பாலிகார்பனேட்டைவிட நன்றாக நடந்துகொள்கிறது, ஆனால் விலை சற்றுக் கூடுதல்.

இனி ஹெல்மெட்டுக்கு வருவோம். கண்ணாடி அணிபவருக்கென்றே ஹெல்மெட் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். எச்.ஜே.சி. போன்ற நிறுவனங்கள் உள்பஞ்சில் கம்பி போக ஒரு பள்ளம் விட்டுத் தைக்கின்றன. அது உதவும், ஆனால் பள்ளம் இருக்கும் உயரமும் உங்கள் காதின் உயரமும் ஒத்துப்போனால்தான். ஒரு நிறுவனத்தின் பள்ளம் ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு இரு முனையில் குத்தும் விளிம்பு. நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது கழற்றி மாற்றக்கூடிய உள்பஞ்சை. ஷோயி, அராய் ஆகிய ஹெல்மெட் நிறுவனங்கள் ஒரே சைஸ் ஹெல்மெட்டுக்கு வெவ்வேறு தடிமனில் கன்னத் திண்டுகளைத் தனியாக விற்கின்றன. அராயின் சில மாடல்களில் கன்னத் திண்டிலும் நெற்றிப்பொட்டுத் திண்டிலும் 5 மில்லிமீட்டர் பஞ்சை ஓர் அடுக்காக உரித்தெடுத்துவிடலாம். உங்கள் புகாருக்கு நேரான மருந்து அதுதான்: நெற்றியும் பிடரியும் இறுக்கமாகவே இருக்க, உறுத்தும் இடம் மட்டும் இளகும்.

உரிக்கலாம் என்று நிறுவனம் சொன்னதை மட்டும் உரியுங்கள். பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்கி நசுங்கித் தலையைக் காப்பது. கரண்டியைச் சூடாக்கி அதில் பள்ளம் போடும் கைவைத்தியம் ஒன்று உலவுகிறது. அதைச் செய்வதற்கு ஹெல்மெட் இல்லாமலே போகலாம்.

நேர்மாறான தவறும் உண்டு. கம்பிக்குத் தாராளமாக இடம் விட்டு, அது எதையும் தொடாமல் தொங்கினால் வேகத்தில் கண்ணாடி அதிர ஆரம்பிக்கும். மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியதும் காற்றுத் துளை வழியாக வரும் காற்று லென்ஸைத் தட்டும். எதிரே இருப்பதெல்லாம் நடுங்கும். கம்பி நுழையும்போது லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும், நுழைந்த பின் பஞ்சு அதைப் பிடித்துவைக்க வேண்டும். வலிக்காத பிடி.

முன்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் மாடுலர் ஹெல்மெட் கண்ணாடிக்காரர்களுக்கு எளிது. சாலைக்கு நானே அதைச் சொல்வேன். டிராக் டேக்கு அதைக் கொண்டு போனால் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. ஒரே வார்ப்பான ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டைத்தான் அமைப்பாளர்கள் கேட்பார்கள். தாடைப் பட்டைக்கு இரட்டை டி வளையம் இருக்கட்டும். உள்ளே இறங்கும் கறுப்புக் கண்ணாடி உள்ள மாடல்களைத் தவிருங்கள். இறக்கும்போது அதன் கீழ்விளிம்பு உங்கள் லென்ஸில் வந்து உட்காரும்.

தர முத்திரை பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தரம் ஐ.எஸ். 4151. டிராக் டே நடத்துபவர்கள் அதற்கு மேல் இ.சி.இ. எனும் ஐரோப்பியத் தர முத்திரையோ ஸ்னெல் எனும் அமெரிக்க அமைப்பின் முத்திரையோ கேட்கலாம். இ.சி.இ. 22.06 வாங்க முடிந்தால் வாங்குங்கள், முந்தைய 22.05இல் இல்லாத சுழற்சி மோதல் சோதனை அதில் உண்டு. ஸ்னெல் முத்திரையில் எம் என்று தொடங்குவது மோட்டார் சைக்கிளுக்கு, எஸ்.ஏ. என்பது காருக்கு. பழையது வாங்காதீர்கள். எந்த முத்திரை வேண்டும் என்று பதிவு செய்த இடத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடைக்குப் போகும்போது புதிய கண்ணாடி கையில் இருக்க வேண்டும். வரிசை இதுதான்: கண் பரிசோதனை, பிரேம், பிறகு ஹெல்மெட். தலையில் மெல்லிய உள்தொப்பி அணிவதாக இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அரை மில்லிமீட்டர் துணியும் கணக்கில் வரும். முதலில் ஹெல்மெட், பிறகு முகத்திறப்பு வழியாகக் கண்ணாடி. கம்பிகள் இரண்டையும் நெற்றிப்பொட்டோடு உரசியபடி, சற்று மேல்நோக்கிச் செருகி, காதின் மேல் வந்ததும் தாழ்த்துங்கள். முகத்திறப்பை மூடும் ஒளிபுகும் தகடான வைசரை மூடி, வாயால் இரண்டு முறை பலமாக மூச்சு விடுங்கள். தலையை இடம் வலமாக வெடுக்கென்று திருப்புங்கள். ஹெல்மெட்டும் கண்ணாடியும் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பிறகு ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகை டாங்காக எண்ணிக் கவிழ்ந்து படுத்து எதிர்ச்சுவரைப் பாருங்கள். கடையில் சிரிப்பார்கள். ஹெல்மெட்டின் மேல்விளிம்பு மறைக்கிறதா, கண்ணாடியின் விளிம்பு மறைக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கவனியுங்கள். பந்தய வகை ஹெல்மெட்டுகளில் முகத்திறப்பு மேல்பக்கம் சற்று உயரமாக வெட்டியிருப்பது இந்த நிலைக்காகத்தான். அப்படியே கால் மணி நேரம் கடையைச் சுற்றிக்கொண்டிருங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள்.

ஆவி படிவதற்குத் தனி வைத்தியம். வைசருக்குப் பின்லாக் எனும் உள்தகடு போட்டால் வைசரில் ஆவி படியாது. ஆனால் உங்கள் லென்ஸில் படிவதை அது தடுக்காது. பலர் பின்லாக் வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள். மூக்குக்கு மேலே பொருத்தும் மூச்சுத் தடுப்பான் உங்களுக்கு அவசியம். அது மூச்சைக் கீழே திருப்பிவிடும். லென்ஸில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு தடவி, மென்துணியால் தெளியும்வரை துடைத்தால் அரை நாள் தாங்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஆவியைவிட வியர்வை பெரிய தொல்லை. நெற்றியிலிருந்து உருளும் ஒரு துளி லென்ஸின் உள்பக்கத்தில் விழுந்தால், அந்தச் சுற்று முடியும்வரை அதனோடுதான் குடித்தனம். உள்தொப்பி அணிவது இதற்காகத்தான். பிட் லேனில், அதாவது தளத்துக்குள் நுழையுமுன் வண்டிகள் நிற்கும் பாதையில், காத்து நிற்கும்போது வைசரை ஒரு பல் திறந்துவையுங்கள், கிளம்பும்போது மூடுங்கள்.

வெயிலுக்கு நிறம் மாறும் லென்ஸ் போடலாமே என்று கண்ணாடிக் கடையில் சொல்வார்கள். வீண் செலவு. அந்த லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டுத்தான் கறுக்கும். ஹெல்மெட்டின் வைசர் அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால் உள்ளே அது வெளுத்தே கிடக்கும். போலரைஸ்டு லென்ஸும் வேண்டாம். வைசர் பிளாஸ்டிக்கில் வானவில் திட்டுகளைக் காட்டும், வண்டியின் டிஜிட்டல் மீட்டரைச் சில கோணங்களில் இருட்டாக்கும். லென்ஸ் வெள்ளையாக இருக்கட்டும், நிறம் வைசரில் இருக்கட்டும். மேகம் கூடினால் வைசரை மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடியை மாற்ற முடியாது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுவிட்டால் இத்தனை பாடும் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். இரு கண் வித்தியாசப் பிரச்சினையும் அதில் ஏறக்குறைய மறைந்துவிடும், ஏனென்றால் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே உருளும். உங்களுக்குப் பழக்கமிருந்தால் ஒருநாள் பயன்படுத்தி எறியும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் டிராக் டே அன்று காலையில் முதன்முதலாகப் போடக் கூடாது. காற்றுத் துளை வழியாக வரும் காற்றில் லென்ஸ் உலரும். வேகத்தில் கண் சிமிட்டுவதையே மறந்துவிடுவோம், இன்னும் உலரும். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு லென்ஸ் 10 பாகை சுழன்றாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போட்டாலும் பையில் கண்ணாடி இருக்கட்டும்.

கண்ணாடி போட்டவர் எப்படிப் பந்தயத் தளத்தில் ஓட்டுவது என்று உங்கள் நண்பர்கள் கேலி செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக் கார் பந்தய வீரர் மாஸ்டன் கிரெகரி தடித்த கண்ணாடியோடுதான் 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை யோகன் ரின்டுடன் சேர்ந்து வென்றார். கண்ணாடிக்கார பிரெஞ்சு வீரர் செபாஸ்டியன் பூர்தே 2004 முதல் 2007 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்ப் கார் எனும் அமெரிக்கப் பந்தயத் தொடரின் பட்டம் வாங்கினார். இருவரும் கார் ஓட்டியவர்கள் என்று நண்பர்கள் மடக்கினால், ஹெல்மெட்டுக்குள் தீ தாங்கும் முகமூடியையும் போட்டுக்கொண்டு அதன் மேல் கண்ணாடியைச் செருகுவது நமக்கு இருப்பதைவிடக் கடினம் என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயம் விழுவதற்கு முன்பே செய்ய வேண்டியது. பதிவுப் படிவத்தில் கண்ணாடி அணிபவர் என்று எழுதுங்கள், காலைக் கூட்டத்தில், விழுந்தவருக்கு முதலில் ஓடி வரும் தள ஊழியரான மார்ஷலிடமும் சொல்லுங்கள். கீழே கிடப்பவரின் ஹெல்மெட்டைக் கழற்றும்போது முதலில் கண்ணாடியை உருவ வேண்டும். வெயிலில் மின்னும் கறுப்பு வைசருக்குப் பின்னால் கண்ணாடி இருப்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நீங்களே பிட்டில் கழற்றும்போதும் அதே வரிசைதான்.

அன்றாடப் புரோகிரசிவ் கண்ணாடியைப் பெட்டியில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். படிவம் நிரப்பவும் திரும்பி வரும்போது சாலைக்கும் அது வேண்டும். புதிய பிரேமிலும் வலி நீடித்தால், எந்த இடம் சிவக்கிறது, கம்பியில் அச்சிட்ட மூன்று எண்கள் என்ன, ஹெல்மெட் எந்த மாடல் என்ற மூன்றையும் எழுதுங்கள். திண்டை மாற்றுவதா மாடலையே மாற்றுவதா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.